தூண்டிற்பொன்: பாலாற்றங்கரையில் மீனும் தோலும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகளில் பாதிக்குமேல் நீர் நின்ற ஒரு தை மாதக் காலை. ஆம்பூருக்கு அருகே, கருவேல மரங்கள் பாதி மூழ்கி நின்ற ஓர் ஏரியின் கரையில் நண்பர் ஒருவருடன் நடந்துகொண்டிருந்தேன். கலிங்கின் ஓரத்தில் நின்ற இளைஞர் கையில் மூங்கில் கழி இல்லை. கைக்கடக்கமான சுழல் உருளை பொருத்திய குட்டையான தூண்டில் ஒன்று இருந்தது. அதன் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது ஒரு ரப்பர் தவளை. அதை அவர் கரையிலிருந்து இருபது அடிக்கு அப்பால், ஆகாயத்தாமரைப் படலத்தின் மறுபுறம் வீசினார். மெல்ல இழுத்தார். படலத்தில் ஒரு திறப்பு வந்த இடத்தில் நிறுத்தினார். மூச்சு விடும் நேரம்தான். நீர் பிளந்தது. தவளை மறைந்தது.

அவர் உடனே சுண்டி இழுக்கவில்லை. மனத்துக்குள் எதையோ எண்ணுவதுபோல் நின்று, பிறகே இழுத்தார். முழங்கை நீள விரால். பாம்புத் தலையும் கரும்பச்சை முதுகுமாகத் துள்ளியதை ஈரத் துணியால் பிடித்து, முள்ளைக் கழற்றி, மறுபடி நீரிலேயே விட்டுவிட்டார்.

தவளையைக் காட்டச் சொன்னேன். கடையில் வாங்கும்போது அதன் பின்புறம் தொங்கிய ரப்பர் இழைகள் அறுந்துபோக, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய தோல் கீற்றுகளைக் கட்டியிருந்தார். காலணித் தொழிற்சாலையில் வேலை. வெட்டிக் கழித்த துண்டுகள் என்றார். "ரப்பர விட தோல் தண்ணில நல்லா நெளியும் சார். உசுரு இருக்கற மாதிரி தெரியும்." தோல் நகரத்தின் கழிவு, மீனை ஏமாற்றும் உயிராகிவிட்டது. அந்தத் தோல் கீற்றுதான் என்னை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது.

*

அமெரிக்க நன்னீர் மீன்வேட்டையாளர்களுக்குத் தெய்வம் போன்ற மீன் 'பாஸ்'. பெரிய வாய், பதுங்கிப் பாயும் குணம், களைகளுக்குள் வாசம். ஜேம்ஸ் ஹென்ஷால் 1881இல் அம்மீனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அதைப் பிடிக்கும் செயற்கை இரைகளின் வரலாறு சுவையானது. வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜூலியோ புவெல், நீரில் இழுக்கும்போது சுழன்று மின்னும் கரண்டி வடிவ உலோக இரைக்கு 1852இல் காப்புரிமை பெற்றார். மிச்சிகனின் ஜேம்ஸ் ஹெடன் மரத்தில் செதுக்கிய தவளையைக் குளத்தில் எறிந்ததிலிருந்து அவருடைய தொழில் பிறந்ததாக ஒரு கதை உண்டு. பின்லாந்தின் லௌரி ரப்பாலா, கூட்டத்தில் தடுமாறி நீந்தும் காயம்பட்ட மீனையே பெரிய மீன் தேர்ந்தெடுத்து விழுங்குவதைப் பார்த்து, 1936இல் அந்தத் தடுமாற்றத்தையே தக்கையில் செதுக்கினார். 1949இல் ஓஹையோவின் நிக் க்ரீம் நெகிழிப் புழுவை வார்த்தார்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அறிவு: மீன் எதை உண்கிறது என்பதைவிட, எதைக் கண்டால் அதனால் சும்மா இருக்க முடியாது என்பதை அறிவது. அதிலிருந்தே தேர்வு பிறக்கிறது. தெளிந்த நீரில் இரையின் நிறம் இயற்கையை ஒட்டியிருக்க வேண்டும். அங்கே மீன் கண்ணால் சோதிக்கும். கலங்கிய நீரில் நிறத்தின் நுணுக்கம் பயனற்றது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் எதிரில் அழுத்தமாகத் தெரியும் கரிய உருவமும், நீரில் எழும் அதிர்வுமே போதும். களை மண்டிய இடத்தில் முள்முனை மேல்நோக்கி உடலோடு ஒட்டிய தவளை வேண்டும். இல்லையேல் மீனுக்குப் பதில் பாசிதான் வரும். காலையும் மாலையும் நீர்ப்பரப்பில். நண்பகலில் நிழலில், மெதுவாக.

பாஸ் நம் ஏரிகளின் மீன் அல்ல. ஆனால் அதன் இடத்தில் இங்கே இருப்பவர் விரால். அவரும் பதுங்கிப் பாய்பவர், தவளைப் பிரியர். ஒரு வேறுபாடு உண்டு. விரால் செவுளால் மட்டும் வாழ்வதில்லை. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அந்தச் சின்னக் குமிழிதான் அதைக் காட்டிக் கொடுக்கிறது. குமிழி எழுந்த இடத்திலேயே எறிந்தால் மீன் மிரளும். அதற்கு அப்பால் எறிந்து, அதன் பாதையின் குறுக்கே இழுத்து வர வேண்டும். மரக்கிளைகள் தாழ்ந்த கரையில் தலைக்கு மேல் வீச இயலாது. இடுப்பு மட்டத்தில் பக்கவாட்டில் வீசவேண்டும். உருளை சுழலும் வேகத்தைக் கட்டைவிரல் அடக்காவிட்டால் நரம்பு தூக்கணாங்குருவிக் கூடாகச் சிக்கிக்கொள்ளும். கவ்வியதும் இழுக்கக் கூடாது. தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள மீனுக்கு அவகாசம் தரவேண்டும். அந்த இளைஞர் எண்ணியது அதைத்தான்.

இன்னொரு விதியும் உண்டு. அதை நல்ல வேட்டையாளர்களே கடைப்பிடிக்கிறார்கள். தாய் விராலும் தந்தை விராலும் செந்நிறப் பந்துபோல் திரியும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் காலத்தில், அருகே விழும் எதன்மீதும் சினந்து பாயும். அப்போது பிடிப்பது எளிது. பிடித்தால், காவலற்ற குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். எளிதாக இருப்பதனாலேயே செய்யக் கூடாத செயல் அது.

*

இந்தக் கலை இங்கே அயல்நாட்டிலிருந்து வந்தது என்று எண்ணினால் பிழை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு வழி சொல்கிறது. பாலாறு பாயும் இதே தொண்டை நாட்டின் நூல். அதில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தூண்டிற்காரனைக் காட்டுகிறார். பாண்மகன் ஒருவன், நீண்ட மூங்கில் கழி, அதில் கட்டிய கயிறு, நுனியில் வளைந்த இரும்பு, முள்ளை மறைத்துப் பொதிந்த இரை. அவன் தோளில் பச்சை ஊன் இட்ட தோற்பை ஒன்று தொங்குகிறது.

தோற்பை! பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட தொண்டை நாட்டு மீன்வேட்டையின் சித்திரத்திலேயே தோல் இருக்கிறது. மீனையும் தோலையும் எதிரெதிராக நிறுத்திப் பழகிய நமக்கு இது ஒரு சிறு அதிர்ச்சி. ஒரு காலத்தில் அவை ஒரே மனிதனின் தோளில் இருந்தன.

அந்தக் காட்சி அதோடு முடிவதில்லை. பிளந்த வாயை உடைய வாளை இரையை மட்டும் கவ்விக்கொண்டு, முள்ளைத் தனியே விட்டுத் தப்பிவிடுகிறது. தப்பிய மீன் பிறகு, நீரோரத்துப் பிரம்பின் நிழல் அலையில் நடுங்குவதைக் கண்டும் அஞ்சுகிறது. ஒருமுறை ஏமாந்த மீன், தூண்டில் போலத் தோன்றும் எதையும் நம்பாது. மீண்டும் மீண்டும் பிடித்து விடப்படும் குளங்களில் மீன்கள் 'படித்துவிடுகின்றன' என்று இன்றைய பாஸ் வேட்டையாளர்கள் சொல்வதும், அதனால் அவர்கள் இரையின் நிறத்தையும் ஓட்டத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பதும் இந்த அனுபவத்தால்தான். நம் புலவர் அதை மீனின் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார் என்பதே வேறுபாடு.

பிற்காலத்தில் இந்நிலம் ஏரிகளின் நாடாயிற்று. பாலாறு மணலாறு, ஆண்டின் பெரும்பகுதி நீர் மணலுக்கு அடியில்தான் ஓடும். எனவே மழைநீரை நிறுத்தி வைக்க ஏரிகளைச் சங்கிலியாகக் கோத்தார்கள். மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று கருதப்படும் காவேரிப்பாக்கம் ஏரி அவற்றில் பெரியது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஏரி மீனைக் குத்தகைக்கு விட்ட வருவாய்க்குக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று பெயர். அது ஏரியைத் தூர்வாரவும் பயன்பட்டது. இன்றும் கிராமங்களில் 'மீன்பாசி ஏலம்' என்று சொல்வதில் அச்சொல் உயிரோடு இருக்கிறது. மீன் என்பது உணவு மட்டுமல்ல. ஏரி தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் நிதி. நீர் நன்றாயிருந்தால் மீன். மீன் இருந்தால் பணம். பணம் இருந்தால் நீர்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவர் நம் நீர்நிலைகளை வேறு கண்ணால் பார்த்தார்கள். ஒருவர் ஹென்றி சல்லிவன் தாமஸ்; சென்னை மாகாண ஆட்சிப் பணி அதிகாரி, தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். இந்தியாவில் தூண்டில் வேட்டை பற்றி 1873இல் ஒரு நூலும், ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887இல் இன்னொரு நூலும் எழுதினார். மற்றவர் ஃபிரான்சிஸ் டே. மருத்துவர், பின்னர் இந்திய மீன்வளத்துக்கான தலைமை ஆய்வாளர். இந்திய மீன்கள் பற்றிய அவருடைய பெருநூல் 1875க்கும் 1878க்கும் இடையே வெளியாயிற்று. ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

தாமஸ் வேட்டைப் பிரியர், டே வகைப்பாட்டாளர். இருவரும் சென்று சேர்ந்த கவலை ஒன்றே: மீன் குறைகிறது. ஆறுகளின் குறுக்கே எழுந்த அணைக்கட்டுகள் இனப்பெருக்கத்துக்காக மேலேறும் மீன்களைத் தடுத்தன. பாலாற்றிலும் 1850களில் வாலாஜாப்பேட்டை அருகே அப்படி ஓர் அணைக்கட்டு எழுந்திருந்தது. கண் நெருங்கிய வலைகளும் பறிகளும் குஞ்சுகளை வாரின. மடுக்களில் நஞ்சு கலக்கப்பட்டது. இப்படி எழுந்த நெடிய விவாதத்தின் பின்னால் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்துடன் நஞ்சையோ, சுண்ணாம்பையோ, கேடு விளைக்கும் பொருளையோ நீரில் இடுபவருக்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. சுண்ணாம்பு என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. கோடையில் வற்றிய மடுவில் ஒரு கூடைச் சுண்ணாம்பைக் கரைத்து நாலு கெண்டை பிடித்த ஏழை அதில் மாட்டுவான்.

தோல் பதனிடுவதில் முதல் வேலைகளில் ஒன்று, தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரை உதிர்ப்பது. அந்தச் சுண்ணாம்பு நீரும் எங்கேயோ போகத்தான் வேண்டும். அதை ஆற்றில் விட்டவருக்கு மீனைப் பிடிக்கும் நோக்கமோ அழிக்கும் நோக்கமோ கிடையாது. ஆகவே அவர் குற்றவாளி அல்லர். மீனைக் கொல்வதற்காகச் செய்தால் குற்றம். மீனைப் பற்றி நினைக்காமலே செய்தால் தொழில். நீர் மாசைத் தடுக்க நாடு தழுவிய தனிச் சட்டம் வர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

தோல் தொழிலைப் பகையாக மட்டும் பார்ப்பது நேர்மையல்ல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பொறுமையாகப் பதனிட்ட சென்னை மாகாணத் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வீடும் பள்ளியும் மசூதியும் அந்தத் தொழிலில் எழுந்தவை. சாதியால் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்களின் உழைப்பும் அதில் உண்டு. பின்னாளில் காலணித் தொழிற்சாலைகளில் முதன்முதலாகச் சம்பளம் கண்ட பெண்களின் கதையும் உண்டு.

ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் சென்னையில் குரோம் பதனிடுதலைச் சோதித்துப் பார்த்தார். குரோமிய உப்பு, பட்டை வாரக்கணக்கில் செய்ததை மிகச் சில நாட்களில் செய்துவிடும். ஆனாலும் நெடுங்காலம் பட்டைதான் இங்கே ஆண்டது. 1972இல் சீதாராமய்யா குழு அறிக்கை தந்தது. 1973 முதல் கச்சாத் தோலுக்கும் அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் விற்றால் நாட்டுக்கு அதிக அந்நியச் செலாவணி என்பது கணக்கு. கணக்கு பலித்தது. குரோமும் பெருகியது. தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும், சுண்ணாம்பும், சல்ஃபைடும், குரோமியமும் பாலாற்று மணலுக்குள் இறங்கின.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது நிலைநாட்டியது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமற் போன ஆய்வுச் செய்தியை அது பதிவு செய்தது. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதையும் எழுதியது. ஒவ்வொரு பதனிடும் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாயின.

ஆயினும் முடிந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டி இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்.

*

இந்த வழக்குகளின் மொழியில் நிலம் உண்டு, கிணறு உண்டு, பயிர் உண்டு. மீன் பெரும்பாலும் இல்லை. பட்டா இல்லாத உயிர் அது; அதன் இழப்பைக் கணக்கிட ஆளில்லை.

ஆனால் மீன் இருக்கிறதே என்பார்கள். விரால் துள்ளுகிறதே, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது? இங்கேதான் ஓர் ஏமாற்று ஒளிந்திருக்கிறது. விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். ஆக்சிஜன் குறைந்து கெண்டையும் பிறவும் மிதக்கும் நீரிலும் அது பிழைக்கும். ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து சில காலம் காத்திருக்கும். கழிவோடு வந்த குரோமியமோ பெரும்பகுதி அந்தச் சேற்றில்தான் படிகிறது. காற்றைச் சுவாசிப்பதால் மீன் மூச்சுத் திணறலிலிருந்துதான் தப்புகிறது. நீரிலும் இரையிலும் சேற்றிலும் உள்ளதிலிருந்து தப்புவதில்லை. விரால் இருப்பது நீரின் நலத்துக்குச் சான்றல்ல. விராலின் பிடிவாதத்துக்கே சான்று. நீரைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் இல்லாமற்போன சின்ன மீன்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்த இளைஞர் விராலை நீரில் விட்டபோது நான் மகிழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ரே ஸ்காட் 1968இல் பாஸ் வேட்டையாளர் சங்கத்தைத் தொடங்கி, 1972 முதல் பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடும் வழக்கத்தைப் போட்டிகளில் பரப்பினார். அந்த நாகரிகம் ஆம்பூர் ஏரிக்கரை வரை வந்துவிட்டது என்று எண்ணி, "சாப்பிட எடுத்துக்கறதில்லையா தம்பி?" என்று பாராட்டும் குரலில் கேட்டேன்.

"எங்க சார் சாப்புடறது. மேல இருக்கற ஏரின்னா எடுத்துனு போவோம். இந்த ஏரி மீன ஊட்ல கொண்டாந்தா எங்க ஆயா அடுப்புல ஏத்தாது. அது சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல இதே ஏரில பிடிச்சுத் தின்னுதாம். அயிர, கெளுத்தி, ஆரா, உளுவ, கொரவன்னு பத்துப் பேரு சொல்லும். நான் பாத்ததெல்லாம் வெராலும் ஜிலேபியும்தான்."

அவர் 'ஜிலேபி' என்றது 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவை. பாட்டியின் பட்டியலில் அது இருக்க வாய்ப்பில்லை.

ஒரே செயல்; இரண்டு வரலாறுகள். அங்கே மீனை விடுவது, உண்ண முடிந்தும் உண்ணாத கட்டுப்பாடு. இங்கே அது உண்ண முடியாத நிலை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

திருவள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளில், சூதில் பெறும் வெற்றிக்குத் தூண்டிற்பொன்னை விழுங்கிய மீனை உவமையாக்குகிறார். பொன் என்று அங்கே சொல்லப்படுவது இரும்பு முள்ளே என்று உரையாசிரியர் விளக்குவார். இரையென்று நம்பி மீன் விழுங்குவது இரும்பை. நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தமிழ்நாட்டினுடையது என்று 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே குறிப்பிட்டது. அந்த வெற்றி பொய்யல்ல. அதில் சோறுண்டவர்கள் பல்லாயிரம் பேர். அந்த இளைஞரும் அவர்களில் ஒருவர். முள் தைத்தது வேறு இடத்தில், ஏரியின் அடியில், என்பதால் அதை உணரத் தாமதமாயிற்று. அவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் பிறந்த நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால், அவர் சிறுவயதில் எந்த ஏரியில் எந்த மீனைப் பிடித்தார், எந்த இரையை இட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஏரியின் பெயரும், மீனின் பெயரும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் போதும். நிலத்துக்கு ஆவணம் இருந்ததால்தான் அதன் இழப்பை நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது. மீனுக்கு இருக்கும் ஆவணம் அந்த முதியவர்களின் நினைவு மட்டுமே.

நாங்கள் கிளம்பும்போது அவர் அறுந்த தோல் கீற்று ஒன்றை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் தவளை மறுபடி நீரில் விழும் ஓசை கேட்டது.